முற்றத்து வேம்பும் வகுப்பறை வாங்கும்

எமது பாடசாலையின் முன்வளவில் நிற்கும் வேம்பை இனி வைத்திருக்க இயலாது. அடிமரத்தில் பொந்து விழுந்துவிட்டது. பெருங்கிளைகள் இரண்டு ஆரம்பப் பிரிவுக் கட்டடத்தின் ஓட்டுக்கூரைமேல் சாய்ந்து நிற்கின்றன. மாரிக்கு முன் வெட்டத்தான் வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. நூற்றாண்டு விழாவுக்காகக் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வரவிருக்கும் எம் சகோதரிகள், தாம் கொக்கான் வெட்டிய அந்த நிழலை இம்முறை காணமாட்டார்கள்.

பழைய மாணவிகள் சங்கக் கூட்டத்தில் மரத்தை வெட்டுவது பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. வெட்டிய மரத்தை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் பொழுதுபடும் வரை பேசினோம். வெதுப்பகத்துக்கு விறகாக விற்றால் வசதியற்ற பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். மரக்காலைக்குக் கொடுத்துவிட்டு வருகிற காசை விழாச் செலவில் சேர்ப்போம் என்றார் இன்னொருவர். சின்னச் சின்ன நினைவுப் பொருட்களாகச் செய்து வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்பவேண்டும் என்பது மூன்றாவது கருத்து. பிள்ளைகள் இருந்து படிக்க வாங்கு செய்வோம் என்பது நான்காவது. முடிவெதுவும் எடுக்காமல் கலைந்தோம்.

இக்கட்டுரை அந்தக் கூட்டத்தின் தொடர்ச்சிதான். எமது மண்ணில் இதற்குமுன் வெட்டப்பட்ட மரங்கள் என்னவாயின, அவற்றை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று திரும்பிப் பார்த்தால், இந்த வேம்புக்கும் ஒரு வழி தெரியும் என்று எண்ணினோம்.

மரம் அறிந்த மண்

பிரித்தானியர் காலத்துச் சிவில் சேவையாளர் ஜே. பி. லூயிஸ், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895ஆம் ஆண்டில் ஒரு கைந்நூல் வெளியிட்டார். அந்நாளில் குளமும் வயலும் ஊர்மனையும் போக எஞ்சிய வன்னி முழுவதும் காடே. அந்தக் காட்டோடு வாழ்ந்த எமது முன்னோருக்கு, எந்த மரம் எந்த வேலைக்கு உதவும் என்பது கைப்பழக்கமாக வந்த அறிவு.

பாலை மரம் காய்ந்த பிறகும் தண்ணீரில் போட்டால் தாழும். அவ்வளவு கனம். வீட்டுக் கப்புக்கும் வளைக்கும் அதுவே முதல் தெரிவு. உலக்கைக்குக் கருங்காலி. முதிரை மஞ்சள் நிறமும் பட்டுப்போன்ற மினுக்கமும் உடையது. இலங்கை முதிரை கப்பலேறி இங்கிலாந்து சென்று அங்குள்ள செல்வந்தர் வீடுகளில் மேசையும் அலுமாரியுமாக ஆனது. 1833ஆம் ஆண்டில் பேராதனையில் மகாவலி ஆற்றுக்குக் குறுக்கே 205 அடி நீளத்தில் ஒரே வளைவாகக் கட்டப்பட்ட பாலம் முழுவதும் முதிரையால் ஆனது. இரும்பாணி அடிக்காமல், மரத்தோடு மரத்தைப் பொருத்தியே அதைக் கட்டினார்கள். ஏறத்தாழ 70 ஆண்டுகள் அது வண்டிகளைத் தாங்கி நின்றது. 1905ஆம் ஆண்டு வன்னிக் காட்டை ஊடறுத்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கிய பின், காடில்லாத குடாநாட்டின் மரத் தேவைக்கு வன்னி இன்னும் கிட்டியது.

ஆனால் காட்டு மரம் வேறு, வளவு மரம் வேறு. 1885ஆம் ஆண்டின் சட்டமும் அதன் பின் வந்த 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டமும் காட்டு மரத்தை அரசின் கையில் வைத்தன. குடிசனத்தின் கையில் எஞ்சியது தன் வேலிக்குள் நின்ற மரமே. வேம்பு, பூவரசு, மா, பலா, புளி, பனை, தென்னை என்று ஒவ்வொரு வளவிலும் ஒரு சிறு மரச்சாலை நின்றது. பெண்பிள்ளைக்கு வீடு கட்டும் பேச்சு எடுத்தாலே, கதவு நிலைக்கு எந்த வேம்பைத் தறிப்பது, கூரைச் சலாகைக்கு எந்தப் பனையை விழுத்துவது என்பதும் கூடவே பேசப்படும்.

பனையின் குணம் மற்ற மரங்களுக்கு எதிர். வேம்பிலும் முதிரையிலும் வைரம் நடுவில் இருக்கும். பனையில் வைரம் வெளிப்புறத்திலும் சோற்றி உள்ளேயும் இருக்கும். அதனால் பனையைப் பிளந்து உட்சோற்றியைக் களைந்து வெளி வைரத்தைச் சலாகையாக எடுப்பார்கள். பலா புதிதில் மஞ்சளாக இருந்து, ஆண்டு செல்லச் செல்லக் கபில நிறமாகும். மாமரம் இலகுவில் வண்டுக்கு இரையாகும். பெட்டிக்கும் தற்காலிகப் பலகைக்குமே உதவும். வேம்பு கசப்பு மரம். கறையான் அதை இலகுவில் நெருங்காது. மண்சுவர் வீட்டில் கறையானோடு ஓயாமல் போராடிய மக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று 1951ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. மூன்றும் உணவு தருபவை என்பதே காரணம். வேம்பு அந்தப் பட்டியலில் சேரவில்லை. எனினும் எமது வேம்பு நிற்பது அரச பாடசாலை வளவு. ஆகவே அதை வெட்டவும், வெட்டியதைப் பயன்படுத்தவும் அதிபர் மூலம் முறைப்படி அனுமதி பெறவேண்டும். அந்த விண்ணப்பத்தில் 'இன்ன தேவைக்கு' என்று எழுதவேண்டிய இடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் இப்போதைய கேள்வி.

உளி கையில் தரப்படாதவர்கள்

பெண்கள் பாடசாலையின் மலரில் மரவேலை பற்றி ஏன் எழுதவேண்டும் என்று சிலர் கேட்கலாம். எம்மில் மூத்தவர்கள் படித்த காலத்தில் அண்ணன் தம்பிமாருக்கு மரவேலை ஒரு பாடமாக இருந்தது. சீவுளி பிடிக்கவும் பொருத்து வெட்டவும் அவர்கள் பழகினார்கள். எமக்கு மனையியலும் தையலும். உளியும் வாச்சியும் ஓடாவியாரின் கைக்கும் ஆண்பிள்ளைகளின் கைக்கும் உரியவை என்றே நாம் வளர்ந்தோம்.

ஆனால் எமது அம்மாமாரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் அரிசி இடித்த உரலும் உலக்கையும் மரம். இடியப்பம் பிழிந்த உரல் மரம். தேங்காய் துருவிய திருவலையின் கட்டை மரம். நெல் அளந்த மரைக்கால் மரம். பிள்ளை தூங்கிய தொட்டில் மரம். ஆனி ஆடியில் மாமரக் கிளையில் கட்டிய ஊஞ்சற் பலகை மரம். இவற்றில் பெரும்பாலானவை கடையில் வாங்கியவையல்ல. வளவில் ஏதோவொரு மரம் விழுந்தபோது, "இந்தத் துண்டை எறிஞ்சு போடாதேங்கோ, எனக்கு ஒரு இடியப்ப உரல் வேணும்" என்று கேட்டு வைத்தவர்கள் பெண்களே. மரத்தை வெட்டியவர் ஆணாக இருக்கலாம். எந்தத் துண்டு எதற்கு ஆகும் என்று பார்த்து மறித்து வைத்தவர் அநேகமாக வீட்டுப் பெண்.

எமது பாடசாலையின் தொடக்கமும் இப்படியானதே. மூத்த அக்காமார் சொல்லக் கேட்டதன்படி முதல் வகுப்பு நடந்தது கிடுகு வேய்ந்த கொட்டிலில். கப்பு பாலை, கைமரம் பனை, தரை சாணம் மெழுகிய மண். பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். பின்னர் ஒவ்வொன்றாக வாங்குகள் வந்தன. பணமாகக் கொடுக்க முடியாத பெற்றோர் மரமாகக் கொடுத்தார்கள். ஒருவர் பூவரசு, இன்னொருவர் முதிரைக் குற்றி, மற்றவர் ஓடாவிக்கு இரண்டு நேரச் சாப்பாடு. எமது வகுப்பறைகள் ஊரின் வளவுகளிலிருந்தே எழுந்தன.

மரம் காத்த காலம்

1990ஆம் ஆண்டுக்குப் பிறகு வன்னியில் மரத்தின் வேலை மாறியது. யாழ்தேவி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் கழற்றப்பட்டுக் காப்பரண்களுக்குள் போயின. சீமெந்தும் எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்ட பொருட்களாயின. மண்ணெண்ணெய் கிடையாத வீடுகளில் ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். அடுப்புக்கு விறகு மட்டுமே. சைக்கிளின் பின்னால் தன் உயரத்துக்கு விறகு கட்டி, ஏறி ஓட இயலாமல் தள்ளிக்கொண்டு பத்து மைல் நடந்தவர்களை அன்று எந்த வீதியிலும் காணலாம்.

வீட்டுக்கொரு பதுங்குகுழி வந்தது. பாடசாலை வளவிலும் வெட்டினோம். 'ட' வடிவில் குழி. மேலே குறுக்காகப் பனங்குற்றிகள். அதற்கு மேல் மண்மூட்டை. அந்தக் குற்றிகளுக்காக வடக்கில் எத்தனை பனைகள் விழுந்தன என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கும். அதே பனங்குற்றிகளுக்குக் கீழே குந்தியிருந்துதான் எம்மில் பலர் உயிர் தப்பினோம் என்பதும் உண்மை. ஒரு பனை நாலைந்து துண்டாகி ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் கிடந்தது. 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் குற்றியும் இல்லை, சாக்கும் இல்லை. கலியாணச் சேலைகளை வெட்டி மண்மூட்டை தைத்தோம். தையல் வகுப்பில் பழகிய ஓடுதையல் அப்படியும் பயன்பட்டது.

இடம்பெயர்ந்த பாடசாலைகள் மரத்தடிகளில் நடந்தன. காலையில் ஒரு பாடசாலை, பிற்பகலில் இன்னொரு பாடசாலை என்று ஒரே கொட்டிலைப் பகிர்ந்தோம். கரும்பலகையை மரத்தில் சாத்திவைத்துப் படிப்பித்த ஆசிரியைகளை இம்மலரில் வேறு சிலரும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். வாங்குகளைச் சுமந்துகொண்டு ஓட எவராலும் முடியாது. அவை வகுப்பறையில் இருந்தபடியே விடப்பட்டன. மழை நாளில் விறகில்லாதவர் விறகாக்கினார்கள். குழிக்கு மூடியில்லாதவர் மூடியாக்கினார்கள். எவரையும் குறை சொல்ல எமக்கு மனமில்லை. அந்த நாளில் நாமும் அதையே செய்திருப்போம்.

மாட்டுக்கொட்டிலில் கிடைத்த வாங்கு

செட்டிகுளம் முகாம்களிலிருந்து திரும்பி வந்தபோது எமது வளவில் பற்றையும் கூரையில்லாத சுவர்களும் வேம்பும் நின்றன. யுனிசெவ் போன்ற நிறுவனங்கள் தந்த தற்காலிகக் கொட்டில்களிலும் கூடாரங்களிலும் வகுப்புத் தொடங்கியது. பிளாஸ்ரிக் கதிரைகள் வந்தன. அந்த உதவியை மறக்கமாட்டோம். எனினும் பிளாஸ்ரிக் கதிரை வன்னி வெயிலில் சில ஆண்டுகளிலேயே வெடித்துக் கால் முறியும் என்பதை அனைவரும் அறிவோம்.

அந்த முதல் மாதங்களில் ஒருநாள், பாடசாலைக்கு அயலிலுள்ள ஒரு வீட்டு மாட்டுக்கொட்டிலில் தவிட்டு வாளிகள் வைத்திருந்த நீண்ட பலகையொன்று எம்மில் ஒருவரின் கண்ணில் பட்டது. வாளிகளை இறக்கிவிட்டுப் பார்த்தோம். வாங்கு. அடிப்புறத்தில் கறுப்பு மையால் எழுதிய பாடசாலை இருப்பு இலக்கம் பாதி தெரிந்தது. ஆண்டு அழிந்துபோயிருந்தது. அந்த வீட்டு அம்மா, "ஓம் பிள்ளையள், இது உங்கட பள்ளிக்கூடத்து வாங்குதான். ஆரோ கொத்தி எரிக்க வெளிக்கிட்டவை. நான்தான் மறிச்சு வைச்சனான்" என்றார். முதிரை வாங்கு. மழையில் கிடந்தும் கறையான் தின்னாமல், சாணத்தில் நின்றும் உக்காமல் இருந்தது. கழுவித் துடைத்தபோது அதே மஞ்சள் மினுக்கம். இன்று அது அதிபர் அலுவலக வாசலில் இருக்கிறது.

ஆனால் அந்த முதிரை எந்த வளவில் நின்றது, யார் கொடுத்தார்கள், எந்த ஓடாவியார் செய்தார் என்று எவருக்கும் தெரியாது. எமது சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் இருப்புப் பதிவேடுகளும் இடப்பெயர்வில் போய்விட்டன. நூறாண்டு வரலாறு எழுத முயலும் எமக்கு அந்த நாட்களின் கடதாசி ஒன்றும் எஞ்சவில்லை. மரம் எஞ்சியிருக்கிறது. ஆனால் அதில் பெயர் இல்லை. இந்த மலருக்காகத் தகவல் திரட்டிய எல்லோருக்கும் இதுவே பெரிய வலி.

2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. பயனாளியே தன் வீட்டைக் கட்டவேண்டும். கணவனை இழந்த, கணவனைத் தேடிக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் மேசனையும் ஓடாவியையும் தாமே பிடித்து, மணலுக்கும் மரத்துக்கும் தாமே அலைந்து வீடு கட்டினார்கள். அவர்களுள் எமது பழைய மாணவிகளும் பலர். கதவு நிலைக்கு மரம் வாங்கக் காசு போதாதபோது, குண்டுச் சிதறல் பாய்ந்த தம் வளவு வேம்பைத் தறித்தவர்கள் உண்டு. வாளின் பல் இரும்புத் துண்டில் பட்டு முறியும் என்று பயந்து மரக்காலையில் அரிய மறுத்தபோது, கிட்ட நின்று துண்டு துண்டாகப் பார்த்து, இரும்பு இல்லாத பகுதியை அரிந்து எடுத்தார்கள். உளி தரப்படாத பிள்ளைகள் மரம் படித்தது அங்கேதான்.

வேறு ஊர்களில்

வெட்டிய முற்றத்து மரத்தை என்ன செய்வது என்ற கேள்வி எமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஸ்ராற்போர்ட் என்ற ஊரில் நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர் வாழ்ந்த வீட்டு வளவில், அவரே நட்டதாகச் சொல்லப்பட்ட முசுக்கொட்டை மரம் ஒன்று நின்றது. அதைப் பார்க்க வருவோரின் தொல்லை தாங்காமல் பின்னாளில் அந்த வீட்டுக்கு உரிமையாளரான பாதிரியார் ஒருவர் 1750களில் மரத்தை வெட்டி விறகுக்கு விற்றுவிட்டார். தோமஸ் ஷார்ப் என்ற மணிக்கூடு செய்பவர் அதில் பெரும்பகுதியை வாங்கி, சிமிழ்களும் கிண்ணங்களும் பெட்டிகளுமாகச் செய்து நெடுங்காலம் விற்றார். விற்ற பொருட்கள் பெருகப் பெருக, ஒரே மரத்திலிருந்து இவ்வளவும் வருமா என்று மக்கள் சந்தேகப்பட்டார்கள். 1799இல் இறக்கும் தறுவாயில், தான் விற்றவை அனைத்தும் அந்த மரமே என்று ஷார்ப் சத்தியக்கடதாசி கொடுக்க நேர்ந்தது.

அமெரிக்காவின் ஹாட்போர்ட் நகரில் மக்கள் போற்றிய பழைய ஓக் மரமொன்று 1856ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் புயலில் விழுந்தது. அதன் மரத்தில் அந்த மாநிலச் சட்டசபைக்கு ஆசனம் செய்தார்கள். அதிலும் போலிப் பொருட்கள் பெருகி, மக்கள் சிரிக்கும் அளவுக்கு வந்தது. இரண்டு கதைகளும் எமக்கு ஒன்றைச் சொல்கின்றன. நினைவுப் பொருளாக ஆயிரம் துண்டாக்கினால் மரமும் போகும், அதன் சாட்சியும் போகும். எல்லோரும் இருந்து பயன்படுத்தும் பொருளாக்கினால் இரண்டும் நிலைக்கும்.

இன்னொரு சான்று தமிழகத்தில் உண்டு. கும்பகோணத்துக்கு அருகேயுள்ள நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்யும் கைவினைஞர்கள், புதிதாக வெட்டிய மரத்தைவிடப் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத் தூண்களையும் உத்தரங்களையுமே தேடுவார்கள். பல்லாண்டுகள் காய்ந்து இறுகிய மரத்தில்தான் நாதம் நிற்கும் என்பது அவர்களின் அனுபவம். 2022ஆம் ஆண்டு அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. யாரோ ஒருவர் வீட்டுக் கூரையைத் தாங்கிய மரம் கோயில் வீதியில் இசையாகிறது. வெட்டப்பட்டதோடு மரத்தின் கதை முடிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கணக்கும் காத்திருப்பும்

இனி எமது வேம்புக்கு வருவோம். நல்ல எண்ணம் மட்டும் வாங்கு ஆகாது. ஆகவே கணக்குப் பார்த்தோம். பொந்துக்கு மேலே நேராக உள்ள தண்டு 10 அடி. அதன் சுற்றளவு 6 அடி, அதாவது 72 அங்குலம். மரம் அளப்பவர்களின் முறைப்படி சுற்றளவில் நாலிலொன்று 18 அங்குலம். 18ஐ 18ஆல் பெருக்கி, 144ஆல் வகுத்து, நீளம் 10ஆல் பெருக்கினால் இருபத்திரண்டரை கன அடி. அரியும்போது தூளாகவும் ஓரப்பலகையாகவும் வெடிப்பாகவும் பாதி போகும் என்று வைத்தாலும் பதினொன்றேகால் கன அடி மிஞ்சும். 6 அடி நீளமான ஒரு வாங்குக்குப் பலகை, கால், சட்டம் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கன அடி போதும். ஆக 9 வாங்குகள். ஒரு வாங்கில் நால்வர் இருந்தால் 36 பிள்ளைகள். ஒரு வகுப்பு!

இதே தண்டை விறகாக்கினால் வெதுப்பகத்தில் எத்தனை நாள் எரியும் என்று கேளுங்கள். எமது கூட்டத்தில் விறகு என்று சொன்ன சகோதரியே இந்தக் கணக்கைக் கண்டபின் வாங்குப் பக்கம் வந்துவிட்டார்.

ஆனால் வாங்கு உடனே வராது. இங்குதான் பல நல்ல மரங்கள் கெட்டுப்போகின்றன. மரம் விழுந்த முதல் சில வாரங்களே அதன் விதியைத் தீர்மானிக்கும். வெயிலில் கிடந்த குற்றி இரண்டு முனையிலிருந்தும் வெடிக்கத் தொடங்கும். மழையில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பட்டையோடு கிடந்தால் அதற்குள் வண்டு குடியேறும். ஆகவே விழுத்திய அன்றே முனைகளுக்குச் சாணமோ பழைய வர்ணமோ பூசவேண்டும். தாமதியாமல் மரக்காலைக்கு ஏற்றிப் பலகையாக அரியவேண்டும். ஏற்றுவதற்குரிய அனுமதிப்பத்திரத்தை அதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். அரிந்த பலகைகளை நிலத்தில் படாமல், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரே தடிப்பான சிறு சட்டங்கள் வைத்து, காற்று ஊடாடும் நிழலில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றவேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய ஓடாவிமாரின் கணக்கு. எமது கச்சான் காற்றுக்கு இன்னும் விரைவில் காயலாம். எனினும் ஒன்றரை அங்குலப் பலகைக்கு ஓராண்டாவது பொறுக்கவேண்டும். பொறுமையில்லாமல் பச்சையில் செய்த வாங்கு முதல் சோளகத்திலேயே கோணிவிடும்.

ஆகவே நூற்றாண்டு விழாவில் புது வாங்குகளைத் திறந்து வைக்க முடியாது. அடுக்கிய பலகைகளைத்தான் காட்டலாம். அதற்காக வருந்தவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். விழாவுக்காக அவசரப்பட்டு மரத்தைக் கெடுப்பதைவிட, 101ஆம் ஆண்டில் நல்ல வாங்கில் பிள்ளைகள் இருப்பது மேல்.

தண்டு போக மிஞ்சுவதற்கும் வழி உண்டு. வளைந்த பெருங்கிளைகள் வாங்குக் காலுக்கும் தோட்டக் கருவிப் பிடிகளுக்கும் ஆகும். சிறுகிளைகள் மதிய உணவு சமைக்கும் தாய்மாரின் அடுப்புக்கு. பொந்து விழுந்த அடித்துண்டை எரிக்காமல், வளவின் மூலையில் நிறுத்தி மண் நிரப்பிப் பூமரம் வைக்கலாம். வெளிநாட்டுச் சகோதரிகளின் ஆசைக்காகக் கிளை மரத்தில் சில அடிமட்டங்கள் செய்யலாம். ஆனால் அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் மரப் பொருட்களைச் சுங்கத்தில் பரிசோதிப்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பட்டையோ துளையோ இல்லாமல் சீவிக் காய்ந்ததையே கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன் வேப்பம்பழக் காலத்தில் விதை பொறுக்கவேண்டும். வேப்பம்விதை சில வாரங்களிலேயே முளைக்கும் வலுவை இழந்துவிடும். பொறுக்கிய கையோடு பையில் நட்டால், இதே வேம்பின் பிள்ளைகளை இதே வளவில் வளர்க்கலாம்.

அடிப்பலகையில் எழுதுவோம்

எமது வேண்டுகோள் மூன்று. முதலாவது, அந்த 9 வாங்குகளின் அடிப்புறத்திலும் மரம் எது, எங்கே நின்றது, எந்த ஆண்டு வெட்டப்பட்டது, யார் செய்தார்கள் என்பதைச் சுட்ட இரும்பால் எழுதவேண்டும். மை அழியும். சுட்ட எழுத்து மரம் உள்ளவரை இருக்கும். அதையே புதிய சம்பவத் திரட்டிலும் பதிந்து, ஒரு பிரதியை வெளிநாட்டுக் கிளைகளிலும் வைக்கவேண்டும். கடதாசி ஓரிடத்தில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்று எமக்குத் தெரியும்.

இரண்டாவது, வாங்கு செய்யும் வேலையில் இப்போதைய மாணவிகளும் நிற்கவேண்டும். 2013ஆம் ஆண்டிலிருந்து உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்துவிட்டது. அளக்கவும் அரியவும் பொருத்தவும் பெண்பிள்ளைக்கு இனி எவரும் தடை சொல்லப் போவதில்லை. ஒரு வாங்கையாவது அவர்கள் தம் கையால் பூட்டட்டும். எமக்குத் தரப்படாத உளியை அவர்கள் கையில் கொடுப்பது இந்த நூற்றாண்டின் சிறந்த பரிசாக இருக்கும்.

மூன்றாவது, உங்கள் நினைவு. மாட்டுக்கொட்டிலில் கிடைத்த அந்த முதிரை வாங்கைப் பற்றி உங்களில் எவருக்காவது தெரிந்திருக்கலாம். உங்கள் அப்பாவோ பேரனாரோ பாடசாலைக்கு மரம் கொடுத்ததாக வீட்டில் பேசியது நினைவிருக்கலாம். உங்கள் வளவில் நின்ற எந்த மரம், எந்த ஆண்டில், யார் கையால் வாங்கானது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பிழையாக இருக்குமோ என்று தயங்காதீர்கள். பத்துப்பேர் எழுதினால் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து உண்மையை எடுத்துவிடலாம். மூத்த அக்காமார் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது வேம்படி வெறுமையாகத்தான் இருக்கும். உள்ளே வாருங்கள். வகுப்பறையில் புதிய வாங்கு இருக்கும். சற்றுக் கசப்பு மணம் வீசும். குனிந்து அடிப்பலகையைப் பாருங்கள். எமது வளவின் பெயரும் ஆண்டும் அதில் இருக்கும்.